ஆச்சிமார் எழுதும் சமையல் குறிப்புகளில் எழுத்துப்பிழை: எதைத் திருத்துவது, எதை விடுவது, எப்படிச் சொல்வது?

வளவுத்தூண் (காரைக்குடி) கேட்டது:

காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர் பக்கத்துக் குடும்பங்களின் பழைய சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். 140 பேர் இருக்கிறார்கள். குறிப்பு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டிய ஆச்சிமார். சிலர் விரலால் தட்டுகிறார்கள், சிலர் போனில் பேசியே எழுத்தாக்குகிறார்கள். ‘கோழி வருவல்’, ‘புலிக்குழம்பு’, ‘எண்ணை’, ‘அறைத்து’ என்றெல்லாம் வருகிறது. உடனே இளையவர்கள் இரண்டு மூன்று பேர் அதன் அடியிலேயே ‘வறுவல்னு எழுதுங்க’, ‘புலியையா சமைக்கிறீங்க?’ என்று போட்டுவிடுகிறார்கள். அதன்பிறகு அந்த ஆச்சி எழுதுவதில்லை. கைகூப்பும் படம் மட்டும் வருகிறது.

இன்னொரு பக்கம், இவற்றைத் தொகுத்துச் சிறு புத்தகமாக அச்சடிக்கப் போகிறோம். அதில் பிழையோடு விட முடியாது. ஆகவே எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடக் கூடாது, குழுவில் சொல்வதா தனியாகச் சொல்வதா, என்ன சொற்களில் சொல்வது? மெய்ப்புப் பார்த்த பழக்கமும் இலக்கணப் பயிற்சியும் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவும்.

அச்சுமெய்ப்பு:

குழுவில் வருவதையும் அச்சுக்குப் போவதையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குழுவில் வருவது பேச்சு. அதில் ‘வருவல்’ என்று இருந்தாலும் எல்லோருக்கும் விளங்கிவிடும், யார் வீட்டுச் சட்டியும் தீயாது. அங்கே அதைத் தொடவே வேண்டாம். அச்சுக்குப் போவது பிரதி. அதில் ஒரு பிழையும் நிற்கக் கூடாது. ஆனால் அது தொகுக்கிறவரின் வேலை, ஆச்சியின் தலையில் ஏற்றக் கூடாது.

குழுவில் வந்த அன்றே கேட்க வேண்டியது ஒன்றுதான்: படித்துச் சமைத்தால் பண்டம் கெட்டுப்போகும் பிழை. அது பெரும்பாலும் அளவில் இருக்கும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கு உழக்கு. ஆழாக்கு இருக்க வேண்டிய இடத்தில் உழக்கு விழுந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். ‘ஒழக்கு’, ‘ஒலக்கு’ என்று எழுதியிருந்தால் கவலை இல்லை, அது உழக்குத்தான் என்று தெரிகிறது. ‘அரை கால் படி’ என்று வந்தால்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது ஓர் ஆழாக்கு. அரைப்படி என்றால் நான்கு ஆழாக்கு. ‘அரை, கால்’ (அரையோ காலோ) என்று பேசியதில் காற்புள்ளி விழுந்துபோனதா, ‘க்’ விழுந்துபோனதா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். ஓர் ஒற்று இல்லாததால் நான்கு மடங்கு வரை வேறுபாடு.

அதேபோல வெள்ளைப் பணியாரத்துக்கு ‘ஒரு உழக்கு பச்சரிசி, அதுக்கு மேல கோபுரமா உளுந்து’ என்று எழுதுவார்கள். தலைதட்டி அளந்த அரிசியின் மேல் கூம்பி நிற்கும் மட்டும் உளுந்து என்று பொருள். இந்தக் ‘கோபுரமா’வை அலங்காரச் சொல் என்று நினைத்து வெட்டிவிட்டால் அளவே போய்விடும். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் இறுகிவிடும்.

கேட்கும் முறை: செய்தியை அழுத்திப் பிடித்து, தனியாகப் பதில் அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரி மேலே தெரியும்படி அவருக்கு மட்டும் போகும். இப்படி எழுதலாம்:

‘ஆச்சி, கும்மாயக் குறிப்பை எடுத்து வச்சுட்டேன். அதுல “அரை கால் படி”ன்னு இருக்கு. அரைக்கால் படிதானே, ஒரு ஆழாக்கு? ஆமான்னு ஒரு வார்த்தை போதும்.’

இதில் தப்பு, பிழை, திருத்தம் ஆகிய சொற்கள் எதுவும் இல்லை. பதில் ஒரு சொல்லில் முடிகிறது. கேட்பது அவருடைய எழுத்தைப் பற்றி இல்லை, அவருக்கு நன்றாகத் தெரிந்த அளவைப் பற்றி. அதனால் பதில் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் மட்டுமே திருத்த முடியும். அந்த நேரம் தாண்டியிருந்தால் ‘மாத்துங்க’ என்று கேட்பதில் பயனில்லை. அவர் சம்மதத்தோடு நீங்களே குழுவில் ‘ஆச்சி சொன்ன அளவு: அரைக்கால் படி, அதாவது ஓர் ஆழாக்கு’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

புத்தகத்துக்கு: வந்த செய்தியை வந்தபடியே ஒரு கோப்பில் வையுங்கள். அதில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது. நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். தொடங்கும் முன்பே ஒரு சொற்பட்டியல் போட வேண்டும். எண்ணெய், வெண்ணெய், வறுவல், பொரியல், கறிவேப்பிலை, எலுமிச்சை, சர்க்கரை என்று புத்தகம் முழுக்க எந்த வடிவம் என்பதை அதில் முடிவு செய்துவிட்டால், நூறாம் பக்கத்தில் வந்து சண்டை வராது. முதல் சுற்றில் எழுத்து மட்டும் பாருங்கள், இரண்டாம் சுற்றில் ஒற்றும் நிறுத்தக்குறியும். மூன்றாம் சுற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் திருத்திய பிரதியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். விட்டுப்போன வரி இதில்தான் பிடிபடும், தனி ஆளாகப் படித்தால் கண் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். கடைசிச் சுற்றில் அளவுகளை மட்டும், வேறெதையும் படிக்காமல் பாருங்கள். எழுத்தையும் அளவையும் ஒரே சுற்றில் பார்த்தால் இரண்டிலுமே கோட்டை விடுவோம்.

நாட்டரசன்கோட்டைக்காரன்:

தனியாகச் சொல்லுங்கள் என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தனியாகச் சொன்னால் ஒருவர் மட்டுமே தெரிந்துகொள்கிறார். ‘வருவல்’ என்று நாள்தோறும் கண்ணில் பட்டால், அந்தக் குழுவில் இருக்கும் பள்ளிப் பிள்ளை அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். கடைப்பலகையிலும் அதுதான் இருக்கிறது. ‘செட்டிநாட்டுச் சமையல்’ என்று முறையாக எழுதிய பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும், எங்கும் ‘செட்டிநாடு சமையல்’தான். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி, தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கும் ஊர். இங்கேயே பிழையைக் கண்டும் பேசாமல் இருந்தால் வேறு எங்கே சொல்வது?

ஆனால் ‘புலியையா சமைக்கிறீங்க’ என்பது திருத்தம் ஆகாது, அது கேலி. அதற்கு நான் பரிந்து பேசவில்லை. பொதுவில் சொல்லுங்கள், ஆளைச் சுட்டாமல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று சொற்கள் என்று ஒரு பதிவு போடலாம். அந்த வாரம் யாரும் பிழையாக எழுதிய சொல்லை அதில் எடுக்கக் கூடாது. குறைந்தது இரண்டு வாரமாவது தள்ளி எடுங்கள், அப்போதுதான் யாருக்கும் தன்னைச் சொல்வதாகத் தோன்றாது.

குற்றியலுகரம்:

மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை யோசனை நல்லது. கம்பன் கழகத்தை இதில் இழுத்ததற்கு மட்டும் ஒரு சொல். அங்கே பட்டிமண்டபத்தில் ஏறுகிறவர் எதிர்வாதம் வரும் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு ஏறுகிறவர். ஆச்சி ஏறியது மேடை இல்லையே. அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து நீட்டுகிறார், அவ்வளவுதான்.

அந்தப் பதிவில் என்ன போடலாம் என்று சொல்கிறேன். இன்றைய பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. நம் பக்கத்தில் ‘ழ’வும் பெரும்பாலும் ‘ள’ ஆகிவிடுகிறது. ஆகவே ‘உச்சரித்துப் பார்த்து எழுதுங்கள்’ என்ற அறிவுரை உதவாது. வினையடியைக் காட்டினால் மனத்தில் நிற்கும். வறு என்பது வினை, அதிலிருந்து வறுத்தல், வறுவல். அரை என்பதிலிருந்து அரைத்தல், அரவை. ‘அறை’ சமையலறையில் இருக்கிறது, கன்னத்திலும் விழும். பொரி என்பதிலிருந்து பொரித்தல், பொரியல். ‘பொறி’ தீப்பொறி, கல்லில் எழுத்தைப் பொறிப்பதும் அதுதான். தயிருக்கு ஊற்றுவது உறை, பேசுவது உரை. எள்ளின் நெய் எண்ணெய், வெண்மையான நெய் வெண்ணெய். இரண்டும் நெய்யில் முடிகின்றன என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ‘எண்ணை’ பிறகு வராது.

ஒற்றுக்கு வருகிறேன். இங்கே திருத்துகிறவர்களே அதிகம் தவறுகிறார்கள், வேண்டாத இடத்தில் ஒற்றைப் போட்டுவிடுகிறார்கள். சமையல் குறிப்பு முழுவதும் எடுத்து, கலந்து, வதக்கி என்றே ஓடுவதால் ஒரே விதி பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். து, டு ஆகியவற்றில் முடியும் எச்சத்தில், அதற்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். வல்லின மெய்யாக இருந்தால் அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்கும்: வறுத்துப் பொடி செய்து, அரைத்துச் சேர்த்து, போட்டுக் கிளறி. மெல்லினமோ இடையினமோ இருந்தால் இரட்டிக்காது: கலந்து பிசைந்து, வெந்து போகும், செய்து பார்க்கவும். ஆகவே ‘எடுத்துக் கொள்ளவும்’ சரி, ‘கலந்துக் கொள்ளவும்’ தவறு. இந்த இரண்டாவதைத் திருத்தம் என்று நினைத்துப் போடுகிறவர்கள் ஏராளம்.

இகரத்தில் முடியும் எச்சத்துக்குப் பின் இரட்டிக்கும்: வதக்கித் தாளித்து, கழுவிப் போட்டு. ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின்னும் அப்படியே: அரிசியைக் கழுவி, தாளிப்புக்குக் கடுகு. ‘ஐ’ உருபு மறைந்திருந்தால் இரட்டிக்காது: அரிசி கழுவி, தயிர் கடைந்து. அகரத்தில் முடியும் பெயரெச்சத்துக்குப் பின் வரவே வராது: வறுத்த பருப்பு, ஊறிய பச்சரிசி. ‘வறுத்தப் பருப்பு’ என்று ஒரு ‘ப்’ சேர்த்தால் சரியாக இருந்ததைக் கெடுத்தோம் என்று பொருள். ஒற்றால் பொருளே மாறும் இடங்களும் உண்டு. ‘கீரைக் கடை’ கீரை விற்கும் இடம், ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுக்கச் சொல்கிறோம்.

இரண்டு வடிவமும் வழக்கில் உள்ளவற்றைப் பற்றி யாரையும் திருத்த வேண்டாம். கோயில், கோவில் இரண்டும் சரி. உளுந்து, உழுந்து இரண்டும் உண்டு. நிறத்துக்குக் கறுப்பு என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கும் வடிவம், ஆனால் கருப்பு என்று எழுதுவதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. அதற்காகக் கருப்பட்டியைக் ‘கறுப்பட்டி’ ஆக்கிவிடாதீர்கள். கருப்புக்கட்டி என்பதுதான் கருப்பட்டி ஆனது, அங்கே றகரத்துக்கு இடமில்லை. வாழ்த்துகள், வாழ்த்துக்கள் சண்டையைப் பிறந்தநாள் வாழ்த்தின் அடியில் நடத்தவே கூடாது. ‘கள்’ விகுதி என்பதால் க் வேண்டாம் என்பது பலரின் கருத்து. நானும் ‘வாழ்த்துகள்’ என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ‘எழுத்துக்கள்’ என்று எழுதிய புலவர்களும் உண்டு. புலவர்களே முடிக்காத வழக்கை ஓர் ஆச்சியிடம் போய் முடிக்க வேண்டாம்.

திருத்தம் அனுப்பும் முன் இரண்டு வேலை: அகராதியில் அந்தச் சொல்லை ஒருமுறை பாருங்கள். உங்கள் வரியில் பிழை இருக்கிறதா என்று இருமுறை படியுங்கள்.

விசைப்பலகை:

நிறையப் பிழைகள் எழுதியவருடையவையே இல்லை, கருவி செய்தவை. பேசினால் எழுத்தாக்கும் வசதிக்கு அரைத்து, அறைத்து இரண்டும் ஒரே ஒலிதான், பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. காற்புள்ளியைப் பெரும்பாலும் போடாது. ஒற்றை ஒரு வரியில் போடும், அடுத்த வரியில் விட்டுவிடும். குறிப்பு நீளமாக, நிறுத்தக்குறியே இல்லாமல் வந்தால் அது பேசி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து ‘இவங்களுக்கு எழுதத் தெரியல’ என்று முடிவு கட்டுவது அநியாயம். அப்படிப்பட்ட குறிப்புக்கு, பேசியதையே குரல்பதிவாகவும் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் சந்தேகம் வந்தால் குரலைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ‘ஔவை’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். ‘கௌரி’யைக் கெ, ள, ரி என்று தட்டியிருப்பார்கள். பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான், தேடினால் மட்டும் கிடைக்காது, அகர வரிசையிலும் இடம் மாறி நிற்கும். சோதிக்க, அந்த எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை அழியுங்கள். ஔ முழுதாகப் போய்விட்டால் சரி. ‘ஒ’ மட்டும் மிச்சம் நின்றால் தவறு. கௌ-வில் அழித்தால் ‘க’ மிஞ்ச வேண்டும், ‘கெ’ மிஞ்சினால் தவறு. இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, நீங்களே மாற்றிவிடலாம்.

பழைய அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக்கினால் காலுக்குப் பதில் ரகரம் விழும். ‘பால்’ என்பது ‘பரல்’ ஆகும். சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் தெரியும். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வடிவமைத்தால், மாற்றி முடித்ததும் ஸ்ரீ, ஔ, மேற்கோள் குறி, பின்னக் குறி நான்கையும் தேடிப் பாருங்கள். பின்னத்தைக் குறியாகப் போடாமல் ‘அரை’, ‘கால்’, ‘முக்கால்’ என்று எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

கையெழுத்து நோட்டு வந்தால் இன்னொரு எச்சரிக்கை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிய குறிப்புகளில் தமிழ் எண்கள் இருக்கும். ௧ ஒன்று, ௨ இரண்டு, ௭ ஏழு, ௮ எட்டு. இவை க, உ, எ, அ போலவே தோன்றும். ‘௨ படி’ என்பதை ‘உ படி’ என்று படித்துவிட்டு எழுத்துப்பிழை என்று வெட்டினால் அளவு போயிற்று. பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி, அது எண் ஆகாது. ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, இவை குறிப்போடு சேராத கணக்கு. ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துகள் சுழித்தும் கொம்பு வளைந்தும் இருந்தால் அவை 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய வடிவங்கள். பதின்மூன்று எழுத்துகள் அப்போது மாறின. பழைய வடிவத்தில் எழுதியவர் பிழையாக எழுதவில்லை, படித்தபோது கற்றபடி எழுதியிருக்கிறார்.

மொத்தமாகத் தேடி மாற்றும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். ‘அறை’ என்பதை எல்லா இடத்திலும் ‘அரை’ ஆக்கினால் ‘சமையலறை’ ‘சமையலரை’ ஆகிவிடும். ‘வரு’வை ‘வறு’ ஆக்கினால் ‘பொங்கி வரும்போது’ என்பது ‘பொங்கி வறும்போது’ என்று நிற்கும். ஒவ்வொன்றாக நின்று பார்த்து மாற்றும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

ரெண்டாங்கட்டு:

எழுத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். சொல்லைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இளையவர்கள் திருத்தும்போது நம் ஊர்ச் சொல்லே அடிபட்டுப் போகிறது. தெரக்கல், மண்டி, கோசமல்லி, சீயம், உக்காரை, மனகோலம், கந்தரப்பம், கும்மாயம் ஆகிய பண்டப் பெயர்களைப் பிழை என்று நினைத்துப் பக்கத்துச் சொல்லுக்கு மாற்றுகிறார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் செய்வதால் அது மண்டி. கும்மாயம் மணிமேகலையிலேயே வருகிற சொல். ரெங்கோன் புட்டை ‘ரங்கூன்’ என்று மாற்றினால் பூகோளப் புத்தகத்துக்குச் சரியாக இருக்கும், பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்வந்த வீடுகளில் அதைக் கூப்பிட்ட விதம் போய்விடும். சீயத்தைச் சுழியம் ஆக்க வேண்டாம். தலைப்பில் வீட்டுச் சொல் நிற்கட்டும், வேறு ஊர்க்காரர்கள் தேட வசதியாகப் பின்னால் ஒரு சொல்லடைவில் இரண்டு பெயரையும் கொடுத்துவிடலாம். ஒரே பண்டத்துக்கு இரண்டு வீட்டில் இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் போடுங்கள்.

அதைவிட முக்கியம் பக்குவம் சொல்லும் வரிகள். ‘நுரை கூடி வந்ததும் இறக்கு’ என்று ரசத்துக்கு எழுதியிருப்பார்கள். அதை ‘கொதித்ததும் இறக்கவும்’ என்று மெருகேற்றினால் ரசம் கெட்டது. நுரை கூடுவது கொதிக்கு முந்திய நிலை. ‘பச்சை வாடை போக’, ‘எண்ணெய் தெளிஞ்சு வர’, ‘கையில ஒட்டாத பதம்’ எல்லாம் அப்படித்தான். அடுப்பில் எந்த நொடியில் என்ன செய்வது என்பதை அந்தச் சொல் துல்லியமாகச் சொல்கிறது. எழுத்தைத் திருத்துங்கள், இந்த வரிகளை உரைநடைக்கு மாற்றாதீர்கள். பேச்சு வழக்கிலேயே மேற்கோள் குறிக்குள் போட்டால் போதும்.

வளவுத்தூண்:

எல்லோருக்கும் நன்றி. அடியில் திருத்தம் போடும் அந்த மூவரையே சொற்பட்டியல் போடும் வேலைக்கும் குரல்பதிவு சரிபார்க்கும் வேலைக்கும் அமர்த்தலாம் என்று இருக்கிறேன். அவர்களுக்கும் தமிழ் மேல் அக்கறை இருக்கிறது, இடம்தான் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் தொடங்குகிறோம்.

ஒரு கேள்வி மிச்சம். குறிப்புத் தந்தவர்களின் பெயர்ப்பட்டியல் முதல் பக்கத்தில் வரும். சிகப்பி, உண்ணாமலை, லெட்சுமி என்று பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் இவற்றைச் ‘சிவப்பி’, ‘உண்ணாமுலை’, ‘இலக்குமி’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். முன்னெழுத்துகளையும் எல்லாருக்கும் ஒன்றாகச் சுருக்கியிருக்கிறார். கோவில் பெயரிலும் வைரவன்பட்டி, வயிரவன்பட்டி என்று இரண்டு விதமாக வருகிறது, இளையாத்தங்குடிக்கும் இளையாற்றங்குடி என்று எழுதியிருக்கிறார்கள். இதை எப்படி முடிப்பது?

குற்றியலுகரம்:

உண்ணாமுலை என்பது மூலப் பெயர் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆச்சியின் பெயர் உண்ணாமலை. பெயருக்கு இலக்கணம் அவர் போடும் கையெழுத்து, வேறு விதி கிடையாது. சிகப்பியைச் சிவப்பி ஆக்கினால் அவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

அச்சுமெய்ப்பு:

அந்தத் திருத்தப் பட்டியலை அப்படியே ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொருவரையும் முன்னெழுத்தோடு தம் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, படமெடுத்து வாங்குங்கள். அதைப் பார்த்து மட்டும் தட்டச்சு செய்யுங்கள். குழுவில் தெரியும் பெயரைப் பார்த்து எழுதக் கூடாது, அது பேரன் போனில் போட்டுக் கொடுத்ததாக இருக்கும்.

முன்னெழுத்தில் அதிகக் கவனம் வேண்டும். பழ., சித., அரு., ராம., லெ., மெ. என்று ஒன்றுக்கும் மேற்பட்ட எழுத்தோடு, இரண்டு மூன்று தலைமுறையும் வீட்டு விலாசமும் சேர்ந்து வரும். பேரப்பிள்ளைக்கு ஐயா பெயரும் ஆயா பெயரும் இடும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள், எந்த வீடு என்பதைச் சொல்வது இந்த எழுத்துகள்தாம். ‘பழ.’ என்பதை ‘ப.’ என்று சுருக்கினால் பழனியப்பன் வீடு தெரியாமல் போகும். புள்ளியையும் விடாதீர்கள், ‘ராம. சித.’ என்பதற்கும் ‘ராமசித’ என்பதற்கும் வேறுபாடு உண்டு.

கோவிலுக்கு, அந்தக் கோவில் தன் அழைப்பிதழில் எந்த வடிவத்தைப் போடுகிறதோ அதையே எடுத்துக்கொண்டு புத்தகம் முழுக்க ஒன்றாக வையுங்கள். நகரத்தாரின் ஒன்பது கோவில்களின் பெயரையும் ஒரே தாளில் எழுதிச் சொற்பட்டியலோடு சேர்த்துவிட்டால் ஒரு வேலை முடிந்தது. பிள்ளையார்பட்டிக்கு நடுவில் யாரும் ‘ப்’ போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பக்கம் தயாரானதும் அதை மட்டும் தனியாக அச்செடுத்து, வீட்டுக்கு வீடு படம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் கூப்பிட்டு எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கேளுங்கள்: ‘ஆச்சி, “லெ”வுக்கு ஒத்தைக் கொம்புதானே? அடுத்தது “ட்” போட்டுச் “சு”, அப்புறம் “மி”, சரிதானே?’ அவர் ஆமாம் என்ற பிறகு அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.